கறுப்பினப் பெண்களின் புனைவு: எதிலிருந்து தொடங்குவது?

வியாசர்பாடி வாசகி:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்ததாகக் கறுப்பினப் பெண்களைப் பற்றிய சமகால நாவல்களைப் பேசவிருக்கிறோம். நிறவெறியும் ஆணாதிக்கமும் ஒருத்தியின் மேல் ஒருசேர இறங்குவதைக் காட்டும், ஆனால் துன்பத்தை மட்டுமே அடுக்காத படைப்புகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். தலித் பெண்களின் வாழ்வைச் சொல்லும் பாமாவின் 'சங்கதி' நாவலை எங்களில் பலர் வாசித்திருக்கிறோம்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் 'அமெரிக்கானா' (2013) நாவலிலிருந்து தொடங்குங்கள், அம்மா. நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற இஃபெமெலு, வேலை நேர்காணலுக்காகப் பின்னலை அவிழ்த்து, சுருள்முடியை ரசாயனத்தால் நேராக்கிக்கொள்ளும்போது அவளுடைய தலைத்தோல் வெந்துபோகிறது. தகுதியைப் பற்றிய கேள்வி எழுமுன்பே தோற்றத்தின்மீது தீர்ப்பு வந்துவிடுவதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. வசதியான பல்கலைக்கழக ஊரான பிரின்ஸ்டனில் வசிக்கும் அவள், அங்கே பின்னல் போடும் கடை இல்லாததால், டிரென்டன் நகருக்கு ரயிலேறுவதையும் தவறாமல் பேசுங்கள். வசதியான ஊர் யாருக்கு வசதியானது என்ற கேள்வி அங்கே இருக்கிறது.

ராயபுரம் நூலகர்:
பிரிட்டிஷ் எழுத்தாளர் பெர்னார்டின் எவரிஸ்டோவின் 'கேர்ள், வுமன், அதர்' நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாவல்களுக்காக 1969இல் தொடங்கிய புக்கர் பரிசை ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலாகப் பெற்றது 2019இல், இந்த நாவலுக்காக எவரிஸ்டோ பெற்றபோதுதான். அதுவும் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டுடன் பகிர்ந்தளிக்கப்பட்டது. கதைக்குள் இருக்கும் சமத்துவமின்மை பதிப்புலகிலும் இருக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று என்பேன்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
'சங்கதி'யோடு ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் சாதியையும் நிறவெறியையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கடல் கடத்தி விற்ற அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் வரலாறு வேறு, நம் தெருக்களின் வரலாறு வேறு. இரண்டையும் தனித்தனியே அறிந்த பிறகே ஒப்பீடு பயன் தரும்.