தொடரிணைப்பில் ஒரு பல்பு மட்டும் எரிகிறது – அவசரம்

கவின்10: நாளை காலை அறிவியல் கண்காட்சி. இரண்டு பல்பைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, வைத்திருக்கிறேன். முதல் பல்பு நன்றாக எரிகிறது, இரண்டாவது சுத்தமாக எரியவில்லை. மின்னோட்டத்தை எல்லாம் முதல் பல்பே குடித்துவிடுகிறதா? ஒயரை மூன்று தடவை மாற்றிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

ரிப்பேர்கடை: ஒயர் முனையை நன்றாகச் சுரண்டினாயா தம்பி? லூஸ் கனெக்‌ஷன்தான்.

மதி டீச்சர்: எத்தனை செல்? பல்பின் உலோகக் கழுத்தில் என்ன எண் இருக்கிறது? இரண்டும் ஒரே வகையா?

ஓம்விதி: தொடரிணைப்பில் எங்கே இணைப்பு விட்டாலும் இரண்டு பல்பும் அணைந்துவிடும். லூஸ் கனெக்‌ஷன் என்பவர்கள் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை ஒரு தடவை புரட்டுவது நல்லது. மின்னோட்டம் தீர்ந்துபோகாது. முதல் பல்புக்குள் போனது அத்தனையும் இரண்டாவதற்கும் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமலா கண்காட்சிக்கு வருவது?

ரிப்பேர்கடை: சரி சார், ஹோல்டரில் இரண்டு ஒயரும் உரசிக்கொண்டிருந்தால்? அந்தப் பல்பு மட்டும் அணையும், மற்றது பளிச்சென்று எரியும். கடையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஓம்விதி: குறுக்குச்சுற்று. அது நடக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

மதி டீச்சர்: கவின், இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடு. அதே பல்பு எரியாவிட்டால் விஷயம் பல்பில். அதே இடம் எரியாவிட்டால் ஹோல்டரில்.

தென்றல்: அப்புறம் சுற்றுப்படத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறியையும் பார்த்துக்கொள். எலக்ட்ரான் எதிர்முனையிலிருந்துதானே ஓடுகிறது? புத்தகத்தில் தலைகீழாக இருக்கிறது.

ஓம்விதி: தலைகீழ் இல்லை, மின்னோட்டத்தை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு வரைவது மரபு. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897இல். நேர், எதிர் என்று பிராங்க்ளின் பெயர் வைத்தது அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பு.

தென்றல்: தெரிந்த பிறகாவது மாற்றியிருக்கலாமே. பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

ஓம்விதி: உப்புக்கரைசலில் மின்னூட்டம் கொண்ட துகள்களில் நேர் அயனி ஒரு பக்கம், எதிர் அயனி மறுபக்கம் ஓடுகிறது. அங்கே எதை வைத்து அம்பு போடுவீர்கள்?

மதி டீச்சர்: இதற்குத் தனிப் பதிவு தொடங்குங்கள். பையன் காத்திருக்கிறான்.

கவின்10: சாப்பிடப் போயிருந்தேன், மன்னிக்கவும். 4 செல், மொத்தம் 6 வோல்ட். எரிவதில் 6 வோல்ட், 0.1 ஆம்பியர் என்றிருக்கிறது. எரியாததில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். இடம் மாற்றினாலும் அதே பல்புதான் எரியவில்லை. தனியாக 2 செல்லில் வைத்தால் எரிகிறது.

மதி டீச்சர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் கண்ணா! வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பார். மின்தடை எரியும் பல்புக்கு 60 ஓம், மற்றதற்கு 8 ஓம் சொச்சம். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், அது 0.1 ஆம்பியரைத் தாண்டாது. 0.3 கேட்கும் பல்பின் இழை அதில் சிவக்கக்கூடச் செய்யாது. சூடாகாத இழைக்கு மின்தடை இன்னும் குறைவு, அதனால் 6 வோல்ட்டில் பெரும்பங்கை எரியும் பல்பே எடுத்துக்கொள்ளும். இதே வகை 2.5 வோல்ட் பல்பு இன்னொன்று கிடைத்தால் 3 செல் போதும், இரண்டும் சமமாக எரியும். கிடைக்காவிட்டால் இதையே வை. முதல் பல்பு மின்னோட்டத்தைக் குடிக்கவில்லை என்று தெரியும்படி எல்லார் முன்னாலும் பல்பை இடம் மாற்றிக் காட்டு.

ஓம்விதி: 2.5 வோல்ட் பல்பை மட்டும் 4 செல்லில் நேராகக் கொடுத்துவிடாதே. இழை அறுந்துவிடும்.

கவின்10: கடை பூட்டியிருந்தது, இதையே வைத்தேன். இடம் மாற்றிக் காட்டியதும் நடுவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். நன்றி டீச்சர், நன்றி அண்ணா.