எஸ்டிஆர் (செல் யாருடையது என்று காட்டும் டிஎன்ஏ சோதனை) அறிக்கை இல்லாத செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) ஆய்வை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பலாமா?

வைகைக்கரை:
தாராளமாக. எம்டிஏ-எம்பி-435 மார்பகப் புற்றுநோய் லைன் என்ற நம்பிக்கையில் எத்தனை கட்டுரைகள்! கடைசியில் அது எம்14 என்ற மெலனோமா (தோல் நிறமிப் புற்றுநோய்) லைன். ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்கள் பல லைன்களில் புகுந்ததை மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே காட்டிவிட்டார். வெள்ளையரிடம் எடுத்ததாகச் சொன்ன செல்களில்கூட, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஜி6பிடி 'ஏ' வகை நொதி இருந்தது. லைன் வந்த அன்றும், கட்டுரை அனுப்பும் முன்பும் எஸ்டிஆர் பார்த்தால் போதும்.

ஃப்ளாஸ்க்முனி:
போதாது சார். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் லைனின் 27 கிளைகளில் 321 மருந்துகளைச் சோதித்து 2018இல் நேச்சரில் வெளியிட்டார்கள். சில கிளைகளை வலுவாக அடக்கிய மருந்துகளில் குறைந்தது முக்கால்வாசி, வேறு சில கிளைகளில் வேலையே செய்யவில்லை. எல்லாமே அசல் எம்சிஎஃப்-7! எஸ்டிஆர் ஆளைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. பேசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), சீரம் லாட் (வளர்ப்புச் சீரத்தின் தொகுதி எண்), உறையவைத்த தேதி, இதையெல்லாம் எந்த இதழ் கேட்கிறது?

வைகைக்கரை:
அது அடுத்த படி. ஆளே தப்பென்றால் குணத்தைப் பேசி என்ன பயன்? கணக்கும் எளிது: சோதித்த செல்லிலும் அசல் பதிவிலும் பொதுவான அல்லீல்களை (டிஎன்ஏ அடையாள வடிவங்களை) இரட்டித்து, இரு பக்க அல்லீல்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 15, 15இல் 13 பொருந்தினால் 26/30, அதாவது 87%. இந்தக் கணக்கில் 90% எட்டினால் ஒரே ஆளின் செல்; 80-90% என்றால் மேலும் பார்க்க வேண்டும்.

ஃப்ளாஸ்க்முனி:
ஜுர்காட் என்ற ரத்தப் புற்றுநோய் லைன் மாதிரி டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான லைன்களில் அல்லீலே நகருமே. அசல் செல்லுக்கும் மதிப்பெண் குறையும். 10 சதவீதத்துக்குக் கீழான கலப்படமும் பெரும்பாலும் கண்ணில் படாது. மனித எஸ்டிஆர் கிட் எலிச் செல்லைக் காட்டாது. எலியில் வளர்த்த கட்டியிலிருந்து எடுத்த லைன் என்றால் எந்த உயிரினத்தின் செல் என்று காட்டும் சிஓஐ மரபணு பார்கோடும் வேண்டும்.

நுண்ணோக்கி:
இருவரும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவை விட்டுவிட்டீர்கள். எஸ்டிஆர் 100% வந்த ஃப்ளாஸ்க்கிலும் அது இருக்கலாம். செல்சுவர் கிடையாது, பெனிசிலின் தொடாது, 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவும்; மீடியம் கலங்காது. அதில் சில இனங்கள் ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தையே சிதைத்துவிடும், நாம் அதைச் செல்லின் 'எதிர்ப்புத்திறன்' என்று எழுதிவிடுவோம். இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்து, செல் நெருக்கமான பிறகு மேல்மீடியத்தில் பிசிஆர் போடுங்கள். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயத்தில் உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாக மின்னினால் ஃப்ளாஸ்க்கை ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள், காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

ஃப்ளாஸ்க்முனி:
இதைத்தான் சொல்கிறேன். ஒரு காகிதம் இணைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள்.

வைகைக்கரை:
சரி, எஸ்டிஆர், வளர்ப்பு விவரம், மைக்கோபிளாஸ்மா சோதனை மூன்றையும் கேட்கட்டும். ஆனால் எஸ்டிஆர் இல்லாத கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பக்கூடாது, அதில் மாற்றமில்லை.