சுருள்பாசிப் பொடி சாப்பிட்டால் முகம் சிவக்கிறது: ஹிஸ்டமின்தான் காரணமா?

கேள்வி (மார்த்தாண்டம்):
சாளையோ அயலையோ கறி வைத்துச் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் எனக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் மூக்கடைப்பும் வருகின்றன. கருவாடு என்றால் இன்னும் அதிகம். உணவிலுள்ள ஹிஸ்டமின் (ஒவ்வாமை போன்ற தொந்தரவுகளைத் தரும் வேதிப்பொருள்) என் உடலுக்கு ஏற்காமல் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதால் மீனைக் குறைத்துக்கொண்டு, ஒமேகா 3 சத்துக்காகச் சுருள்பாசிப் (ஸ்பைருலினா) பொடியை முந்தைய நாள் மோரில் கலந்து குடிக்கிறேன். இப்போதும் லேசாக முகம் சிவந்து அரிக்கிறது. பாசியிலும் ஹிஸ்டமின் உண்டா?

பதில் (குளச்சல்):
சகோதரி, மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாளை, அயலை, சூரை ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனுக்கு உடனே ஐஸ் போடாவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவானது எவ்வளவு கொதிக்க வைத்தாலும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தாலும் போகாது. மீன் நாறாமல் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அன்றன்று கரைக்கு வரும் வாவலும் சங்கராவும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளக்கூடும்.

பதில் (நாகர்கோவில், மருந்தாளுநர்):
அக்கா, பொடியைவிட மோர் மீதுதான் எனக்கு முதலில் சந்தேகம் வருகிறது; புளித்த உணவு எதிலும் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கலாம். சரியாக உலர்த்திய சுருள்பாசி புளிக்க வைத்த பொருள் அல்ல. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் புரதம் என்பதால், அந்தப் புரதமே சிலருக்கு நேரடி ஒவ்வாமையைத் தரக்கூடும். இரண்டையும் நிறுத்தி, தொந்தரவு முழுவதும் அடங்கிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பொடியை மட்டும் மிகக் குறைந்த அளவில் வெறும் தண்ணீரில் எடுத்துப் பாருங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மீனிலிருந்து கிடைக்கும் டிஎச்ஏ, இபிஏ ஆகிய ஒமேகா 3 கொழுப்புகள் சுருள்பாசியில் அநேகமாக இல்லை. அதிலுள்ள வைட்டமின் பி12-இன் பெரும்பகுதியும் நம் உடலுக்குப் பயன்படாத வடிவத்தில்தான் இருக்கிறது. இவற்றைச் சொல்லாமலே பலர் விற்கிறார்கள். உங்கள் தேவைக்கு, வேறு நுண்பாசிகளிலிருந்து எடுக்கும் பாசி எண்ணெய்க் குளிகைதான் பொருத்தம். மீனுக்கே டிஎச்ஏ நுண்பாசிகளிலிருந்துதான் வருகிறது. ஹிஸ்டமின் நீரில் கரைவது, புரதத்திலிருந்து பிறப்பது. ஆகவே சுத்திகரித்த எண்ணெயில் அதற்கு இடமில்லை. குளிகையின் உறை மீன் ஜெலட்டினா என்று மட்டும் அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மோரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் அம்மா இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மீதிப் பொடியை அவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில் (நாகர்கோவில், மருந்தாளுநர்):
வேண்டாம் அக்கா. சுருள்பாசி, குளோரெல்லா போன்ற பொடிகளில் வைட்டமின் கே இருப்பதால் வார்ஃபரினின் வேலை குறையக்கூடும். பாசி எண்ணெய் என்றாலும், இரத்தம் உறைதலைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போகும்போது அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.