நானோ மஞ்சள் கேப்ஸ்யூல் வைரஸ் காய்ச்சலுக்கு உண்மையிலேயே கேக்குமா?

தஞ்சாவூர்க்காரி:
அம்மாவுக்குப் போன மாசம் வைரல் ஃபீவர் வந்து பத்து நாள் படுத்துட்டாங்க, இப்போ பக்கத்து வீட்டு அக்கா பேச்சக் கேட்டு நானோ குர்குமின்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்திருக்காங்க. சாதா மஞ்சள விட பல மடங்கு உள்ள போகும், இனிமே வைரஸே அண்டாதுன்னு சொல்றாங்க. நானோன்னா நிஜமா என்ன பண்ணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மருந்தியல்_மாணவன்:
அக்கா, உள்ள போகும்ங்கறது பொய் இல்ல. மஞ்சள்ல இருக்கற முக்கியமான சத்துதான் குர்குமின், அது தண்ணில கரையாது, குடல்ல கொஞ்சம் ஏறுனாலும் குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து உடனே மாத்தி வெளிய தள்ளிடும். 2001ல தைவான்ல தினமும் 8 கிராம் குர்குமின் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் ரத்தத்துல சராசரி உச்சம் 2 மைக்ரோமோலார்கூட (ரத்தத்துல எவ்வளவு கலந்திருக்குன்னு சொல்ற அளவு) தொடல, ஆனா லேப்ல வைரஸ அடக்குதுன்னு காட்டுற சோதனை நிறைய அதுக்கு மேல உள்ள அளவுல பண்ணது. அதுக்குத்தான் கொழுப்பு உருண்டை, மைசெல் (சோப்பு மாதிரி மூலக்கூறுங்க சேர்ந்த உருண்டை), இல்லன்னா பிஎல்ஜிஏங்கற உடம்புலயே கரையற பாலிமர்னு கண்ணுக்கே தெரியாத ஒரு நானோ கூட்டுக்குள்ள வச்சு அனுப்புறாங்க, கரையாததக் கரைய வைக்கும், வழியிலயே அழியாம கொஞ்சம் காக்கும். மிளகுல இருக்கற பைப்பரினும் அந்த மாத்துற வேலையத்தான் தடுக்குது, 1998ல பெங்களூர்ல 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின் குடுத்ததுல 20 மடங்கு ஏறுச்சு. பாட்டி பால்ல மஞ்சளோட மிளகு தட்டிப் போட்டது சும்மா இல்ல!

செல்வி_லேப்:
தம்பி சொன்னது சரி, ஆனா நானோ வண்டி மாதிரிதான், உள்ள ஏத்துன சரக்கு வைரஸுக்கு எதிரா வேலை செய்யுதாங்கறது வேற கேள்வி. குர்குமின் லேப் சோதனையையே குழப்பி வேலை செய்யற மாதிரி காட்டும்னு 2017லயே மருந்து வேதியியல்காரங்க விலாவாரியா எழுதிட்டாங்க. கொரோனா நேரத்துல ஈரான்ல நானோ குர்குமின மனுஷங்களுக்கே குடுத்துப் பாத்தாங்க, சிலதுல நல்ல பலன்னு வந்துச்சு, ஆனா எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு, அத வச்சு வைரஸே அண்டாதுன்னு விக்கறது அநியாயம். இன்னொண்ணு, செடிச் சாறுல வெள்ளி நானோ துகள் செய்யறதும் இந்த மஞ்சள் நானோவும் ஒண்ணு இல்ல, அங்க துகளே வெள்ளி, அத நம்பி யாரும் குடிச்சிடாதீங்க. மஞ்சள் கேப்ஸ்யூலால கல்லீரல் பாதிச்சவங்களும் இருக்காங்க, அதுவும் நல்லா ஏறுற மாதிரி செஞ்ச சரக்குல கூடுதல் கவனம் வேணும்.

தஞ்சாவூர்க்காரி:
ரொம்ப நன்றி. டப்பாவத் திருப்பிப் பாத்தேன், அதிமதுரச் சாறும் சேத்திருக்குன்னு போட்டிருக்கு. அம்மா ப்ரெஷர் மாத்திர போடறவங்க, பரவால்லயா?

செல்வி_லேப்:
வேணாம்மா, இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. அதிமதுரத்துல இருக்கற கிளைசிரைசின் 2003ல சார்ஸ் வைரஸ (அதுவும் கொரோனா குடும்பம்தான்) லேப்ல தடுத்துச்சு, உண்மைதான், ஆனா அது உடம்புல உப்பத் தேக்கி ப்ரெஷர ஏத்தும், பொட்டாசியத்தக் கொறைக்கும். நாளைக்கு டாக்டர்ட்ட போறப்ப டப்பாவயும் மாத்திரச் சீட்டயும் சேத்தே எடுத்துட்டுப் போங்க.