கைரல் கார்பன் டாட்ஸ், சிடி ஸ்பெக்ட்ரம்ல ஒரு சந்தேகம், ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் நண்பர்களே, சிட்ரிக் ஆசிடும் சிஸ்டீனும் (ஒரு அமினோ ஆசிட்) சேர்த்து ஆட்டோகிளேவ்ல (மூடி வச்சு அழுத்தத்துல சூடாக்குற பாத்திரம்) 180 டிகிரில கைரல் கார்பன் டாட்ஸ் (நானோ சைஸ் கார்பன் துகள்; கைரல்னா இடது கை, வலது கை மாதிரி ரெண்டு வடிவம்) பண்றேன், யூவி லைட் அடிச்சா நீல ஒளி சூப்பரா வருது. சிக்கல் சிடி (சர்குலர் டைக்ரோயிசம், இடது சுழல் ஒளியையும் வலது சுழல் ஒளியையும் எவ்ளோ வித்தியாசமா உறிஞ்சுதுன்னு அளக்குறது) ஸ்பெக்ட்ரம்லதான். எல், டின்னு சிஸ்டீனோட ரெண்டு வடிவத்துலயும் பண்றேன், எல்-சிஸ்டீன் டாட்ஸும் டி-சிஸ்டீன் டாட்ஸும் கண்ணாடி பிம்பம் மாதிரி எதிரெதிரா வரணும்ல, ஆனா டி ரொம்ப வீக்கா இருக்கு. சூட்டுல ரெசிமைஸ் ஆகியிருந்தா (ஒரு வடிவம் எல், டி கலவையா மாறுறது) ரெண்டுமேதான குறையணும்? அப்போ டயாலிசிஸ்ல (மெம்பிரேன் வழியா சின்ன மூலக்கூறுகள வெளியேத்தி சுத்தம் பண்றது) போகாம தங்கின சிஸ்டீன்தான் எல் பக்கம் சிக்னல் காட்டுதா? 220 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழ டிடெக்டர் வோல்டேஜ் வேற எகிறுது, டைல்யூட் பண்ணா சிக்னலே காணோம்.

T24 செல்லுல (மனித சிறுநீர்ப்பை புற்றுநோய் செல்) எல் டாட்ஸ் கிளைகாலிசிஸ (செல் குளுக்கோஸ உடைச்சு ஆற்றல் எடுக்குறது) கூட்டுது, டி கூட்டலன்னு பேப்பர் இருக்கு, அதை நம்பித்தான் செல் வேலைக்குப் போகணும், அதுக்கு முன்னாடி சாம்பிள் சுத்தம்னு உறுதியாகணும். எந்த மெம்பிரேன் யூஸ் பண்றீங்க, எவ்ளோ நேரம் விடுறீங்க? இதுல வேலை பார்த்தவங்க ப்ளீஸ் சொல்லுங்க.