மறு: கலைச்சொல் உதவி: ‘ட்ரேட்-ஆஃப்’ (வெள்ளிக்குள் வேண்டும்)

இரா. | திங்கள் காலை

அன்பர்களே,

மேல்நிலைக் கணினி மாணவர்களுக்கான எட்டுப் பக்கக் கையேடு, உலாவியின் பாதுகாப்பு நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பக்கத் தலைப்பில் சிக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘ட்ரேட்-ஆஃப்’. மோசடித் தளம் என்று எச்சரிக்கும் நீட்சியைப் போட்டால் பாதுகாப்புக் கூடுகிறது. ஆனால் நாம் போகிற பக்கமெல்லாம் அதன் கண்ணில் படுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் இப்போதைக்கு ‘சமநிலை’. ‘நீட்சி’, ‘தனியுரிமை’ (பிரைவசி) இரண்டையும் தயவுசெய்து மறுபடி கிளற வேண்டாம்.

மு. | திங்கள் மதியம்

‘சமநிலை’ வேண்டாம். தராசு நினைப்பு வந்துவிடும், ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்கியே தீரும் என்று. எவ்வளவு கொடுக்கிறோம் என்பது நீட்சியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு வகை, முகவரியை முழுசாக வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்பிக் கேட்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வாலும் சேர்ந்தே போகும். கடவுச்சொல் மாற்றும் தொடுப்பு, பகிர்ந்த ஆவணத்தின் தொடுப்பு போன்றவற்றின் ரகசியக் குறி பல நேரம் அந்த வாலில்தான் இருக்கும். ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ நீட்சி வழியாகத் திரண்ட உலாவல் விவரம் விற்பனைக்குப் போனதை 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. தளம் நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் அதன் வேலையே.

இன்னொரு வகை, உலாவியோடு வரும் கூகுளின் ‘சேஃப் பிரௌசிங்’ எச்சரிக்கை வசதி வழக்கமாகச் செய்வது. முகவரியை ஹாஷ் ஆக்கி, அதாவது திரும்பப் பிரிக்க முடியாத ஒரு நீளமான எண்ணாக அரைத்து, அதன் 256 பிட்டில் முதல் 32 பிட்டை மட்டும் கணினியிலேயே இருக்கும் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால்தான் வழங்கியைக் கேட்கும், அதுவும் அந்த 4 பைட்டைக் காட்டித்தான். ஆக, ஏறக்குறைய அதே பாதுகாப்பு, கொடுப்பதோ ஒரு துளி. இதில் சமநிலை எங்கே இருக்கிறது?

க. | திங்கள் இரவு

> ஹாஷ் ஆக்கி

தம்பி, வடவெழுத்தையே ஒரீஇ (நீக்கி) எழுதச் சொன்ன மரபு. ‘ஷ்’ எதற்கு? ‘துவையல்’ என்று சொல்லலாமே. துவையலிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாது. இதைவிட விளக்கமான சொல் உண்டா?

கேட்ட சொல்லுக்கு என் முன்மொழிவு ‘ஈடு’. இடு என்ற பகுதி நீண்டு ஈடு ஆயிற்று. விடு வீடாகவும் படு பாடாகவும் கெடு கேடாகவும் ஆனது போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர். அடகாக வைப்பதும் ஈடு. ஒன்றுக்கு நிகராவதும் ஈடு. திருவாய்மொழியின் உரையான முப்பத்தாறாயிரப்படிக்கு ‘ஈடு’ என்ற பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், ஈடு என்றால் கவசம் என்றும் பொருள் சொல்வார்கள். கொடுக்கும் அடகும் அதுவே, பெறும் கவசமும் அதுவே. தனியுரிமையை ஈடாக இட்டுக் கவசமாகிய ஈட்டைப் பெறுகிறோம். இப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

மு. | செவ்வாய் காலை

ஐயா, துவையல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ருசி. ஹாஷ் அப்படி இருக்கக் கூடாது, ஒரே தேங்காய்க்கு எப்போதும் ஒரே துவையல் வரணும். அதனால்தான் பெயர்போன தளங்களின் முகவரிகளையெல்லாம் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு, ‘இது எந்தத் தேங்காய்’ என்று கண்டுபிடித்துவிட முடிகிறது. முதல் 4 பைட்டோடு நிறுத்துவதே அதைக் குழப்பத்தான். 32 பிட்டில் வரக்கூடியவை ஏறத்தாழ 429 கோடி. உலகத்து முகவரிகளோ அதைவிட எத்தனையோ மடங்கு. ஒரே துண்டுக்குப் பல முகவரி பொருந்தும்.

தே. | செவ்வாய் காலை

நாம் ஹாஷுக்குச் சொல் தேடவில்லை.

‘ஈடு’ என்று தனியாகப் போட்டால் பிள்ளைகள் ‘இழப்பீடு’ என்று படிப்பார்கள். ‘காப்பு’ சேர்த்தால் காப்பீடு, நேராக எல்ஐசிதான். இரா. முதல் மடலிலேயே ‘கொடுக்கல் வாங்கல்’ என்று எழுதியிருக்கிறார், அது போதாதா? இல்லையென்றால் ‘விட்டுக்கொடுப்பு’.

ஜெ. | செவ்வாய் மாலை

க. ஐயாவுக்கு வணக்கம். எங்கட இலங்கைப் பக்கம் ஈடு இன்னும் உயிரோட இருக்கிற சொல். வங்கியின்ர பெயரே அரச ஈட்டு முதலீட்டு வங்கி. காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, குடுத்துக் காசு வாங்கிறது ஈடு. அதாலதான் எனக்கு இந்தச் சொல் சரிப்படேல்ல. ஈடு எண்டா மீட்பு உண்டு. காசைக் கட்டினா உறுதி திரும்பி வரும். ஒரு நீட்சி கொண்டுபோன உலாவல் வரலாற்றை எப்பிடி மீட்கிறது? நீட்சியை நீக்கினாலும் வழங்கியில கிடக்கிறது கிடக்கும்.

‘விட்டுக்கொடுப்பு’ம் வேண்டாம். அது அண்ணன் தம்பி காணிச் சண்டையில சொல்லுறது.

க. | செவ்வாய் இரவு

ஜெ. சொன்னதில் நியாயம் இருக்கிறது. மீளா ஈடு எனலாம். அல்லது ‘கொள்கொடை’.

தே. | செவ்வாய் இரவு

கொள்வினை கொடுப்பினை என்றால் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் ஐயா. நீட்சிக்கும் நமக்கும் சம்பந்தம் பேச வேண்டாம்.

இரா. | புதன் காலை

மு., ஒரு சந்தேகம். கணினியிலேயே பட்டியல் இருந்தால் போதும் என்றால், முழு முகவரியைக் கேட்கும் நீட்சியை யாருமே போட வேண்டாம் என்று எழுதிவிடலாமா? அப்படியானால் சொல்லே தேவைப்படாது.

மு. | புதன் மதியம்

அவ்வளவு சுலபமில்லை. அந்தப் பட்டியல் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. மோசடித் தளம் சராசரியாக 10 நிமிடம்கூட இருப்பதில்லை என்று 2024 மார்ச்சில் கூகுளே சொன்னது. பட்டியல் வந்து சேர்வதற்குள் கடை கட்டிவிடுவான். அதனால் அந்த மாதத்திலிருந்து குரோமில் உடனுக்குடன் கேட்கும் முறை வந்தது. ஹாஷின் முதல் துண்டை மறையாக்கி, ஃபாஸ்ட்லி நிறுவனம் நடத்தும் இடைவழங்கி வழியாக அனுப்புகிறார்கள். இடையில் இருப்பவருக்கு யார் கேட்டது என்று தெரியும், என்ன கேட்டது என்று தெரியாது. கூகுளுக்கு என்ன கேட்டது என்று தெரியும், யார் என்று தெரியாது. இருவரும் கூடிப் பேசாதவரை சரி. ‘மேம்பட்ட பாதுகாப்பு’ என்று ஒரு தெரிவும் இருக்கிறது. அதில் முகவரியே போகும்.

மாணவர்கள் கையால் செய்து பார்க்க ஒன்று எழுதுங்கள். குரோமில் நீட்சிகள் பக்கத்தைத் திறந்து, ‘விவரங்கள்’ அழுத்தி, ‘தள அணுகல்’ பகுதியில் மூன்று தெரிவைப் பார்க்கட்டும்: கிளிக் செய்யும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில், எல்லாத் தளங்களிலும். தனியுரிமைக்காக எல்லாவற்றையும் முதலாவதுக்கு மாற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். மோசடி எச்சரிக்கை நீட்சியை அப்படி மாற்றினால் அது தூங்கும். நீங்கள் போலிப் பக்கத்தில் கடவுச்சொல் தட்டிய பிறகு பொத்தானை அழுத்தி எழுப்பி என்ன பயன்? திரைப்பிடிப்பு, நிறம் எடுப்பது மாதிரியான நீட்சிகளுக்கு அந்தத் தெரிவு போதும்.

இன்னொன்று. புதுப் பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் நீட்சியை நிறுத்தி வைத்து உங்களைக் கேட்கும். ஆனால் ‘எல்லாத் தளங்களிலும் எல்லாத் தரவையும் படிக்க, மாற்ற’ என்ற அனுமதியை முதல் நாளே வாங்கிவிட்ட நீட்சிக்கு அதன்பின் கேட்க என்ன இருக்கிறது? 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சிக்கு நடந்தது இதுதான். அங்கே வேலை செய்பவர் ஒருவர் தூண்டில் மின்னஞ்சலை நம்பி அனுமதி கொடுக்க, திருடர்கள் நஞ்சூட்டிய பதிப்பைக் கடையில் ஏற்றினார்கள். அது தானாகவே பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தரவு கசியாமல் காப்பதற்கென்றே இருந்த நீட்சி. ஆகவே தனியுரிமையைக் கொடுத்தால் பாதுகாப்பு வரும் என்ற கணக்கே சில நேரம் தப்பு, இரண்டும் சேர்ந்தே போகும். இந்தப் பத்தி கையேட்டில் இல்லாவிட்டால் எந்தச் சொல் போட்டாலும் ஒன்றுதான்.

ஜெ. | புதன் மாலை

அப்ப ‘விலை’ எண்டு போடுங்கோவன். ‘இந்த நீட்சியின் விலை என்ன?’ எல்லாருக்கும் விளங்கும். இலவசம் எண்டு போட்டிருக்கிற பொருளுக்கு விலை கேட்டாப் பிள்ளையள் யோசிப்பினம்.

க. | புதன் இரவு

விலை கலைச்சொல் ஆகாது. விலை விலைதான். தமிழில் இல்லாத கருத்தைச் சொல்ல வரும்போது கொஞ்சம் புரியாமல் இருப்பதே நல்லது, படிப்பவன் நின்று கேட்பான். 2017இல் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது பல நாளிதழ்கள் ‘அந்தரங்கம்’ என்றே எழுதின. அதற்காக ‘தனியுரிமை’யை விட்டுவிட்டோமா?

இரா. | வியாழன் காலை

கிளறவேண்டாம் என்று கேட்டேன் ஐயா.

வந்த மடல்களை எண்ணிப் பார்த்தேன். தனி மடலில் சொன்னவர்களையும் சேர்த்து ‘கொடுக்கல் வாங்கல்’ ஐந்து, ‘ஈடு’ இரண்டு, ‘விலை’ ஒன்று. தலைப்பு: ‘தனியுரிமையும் பாதுகாப்பும்: ஒரு கொடுக்கல் வாங்கல்’. ஜெ.யின் ‘விலை என்ன?’ கேள்வியைப் பயிற்சியின் முதல் கேள்வியாகப் போடுகிறேன். மு.வின் தள அணுகல் பத்தி ஐந்தாம் பக்கம். அதற்கு இடம் வேண்டி விளம்பரத் தடுப்பான் படத்தை எடுத்துவிட்டேன்.

மு. | வியாழன் காலை

சரி. கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் கணக்கு எழுதுவார்கள், இங்கே ஒரு பக்கம்தான் எழுதுகிறது. இருந்தாலும் சரி.

க. | வியாழன் மதியம்

கலைச்சொல் கேட்டு வந்தவரைக் கடைச்சொல் கொடுத்து அனுப்புகிறோம். என் மறுப்பைப் பதிவு செய்க. அருஞ்சொல் பட்டியலில் ஈடு இருக்கட்டும்.

தே. | வியாழன் மதியம்

மெய்ப்பில் ஓரிடம் ‘கொடுக்கல்வாங்கல்’, ஓரிடம் ‘கொடுக்கல் - வாங்கல்’ என்று இருக்கிறது. எது? ஆறு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பணும்.