சுகர் இருக்கிற அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, படம் எடுத்தே ஆகணுமா?

கடையத்தான்:
அம்மாவுக்கு 58 வயது, சுகர் வந்து 11 வருஷம். போன வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் கண்ணைக் கேமராவில் படம் எடுத்து, 'படம் தெளிவில்லை' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவோ, "சொளவை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றி நூல் கட்டுகிறேன், என் கண்ணுக்கு என்ன குறை?" என்கிறார். விட்டுவிடலாமா?

கேமராக்காரி:
விடாதீர்கள். ஒரு கிராமக் கண் மையத்தில் ஆறு வருஷமாக இந்தக் கேமரா முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். படம் தெளிவில்லை என்றால், சுகரால் விழித்திரையில் (கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் திரை) வருகிற நோய் இல்லை என்று அர்த்தமில்லை, உள்ளே பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். வயதானவர்களுக்குக் கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் வெளிச்சம் நுழைகிற துளை) சின்னதாக இருக்கும், கண்புரையும் சேர்ந்தால் படம் பனிமூட்டமாக விழும். எங்கள் மையத்தில் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு, அரை மணி கழித்து மறுபடி எடுப்போம். அப்போதும் சரியாக வராவிட்டால் டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

நூல் கட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விழித்திரையின் நடுப்பகுதி கெடாதவரை பெரும்பாலும் பார்வையில் ஒன்றும் தெரியாது. எங்களிடம் வந்த தையல்காரர் ஒருவர் என் எதிரிலேயே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். படத்தைப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புதுசாக ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன, அது நோய் முற்றியதற்கு அடையாளம். லேசர் வைப்பது இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனது பெரும்பாலும் திரும்பாது.

சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கலாக இருக்கும். அன்றைக்குப் பீடி ஓடாது. அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட்டால் வர மாட்டார்.

தென்காசி மருமகள்:
எங்கள் மாமியார் கதையும் இதேதான். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டம் வந்தது, அப்புறம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற பழக்கமே விட்டுப்போச்சு. மாத்திரை கொண்டு வருகிற அக்காவிடம், கண் பார்க்கிற நாள் எது என்று நான் கேட்டு வைத்துக்கொள்வேன்.

கடையத்தான்:
சரி, புதன்கிழமை கூட்டிப் போகிறேன். பைக்கில் போகலாமா?

கேமராக்காரி:
நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் உட்காரட்டும். திரும்பும்போது வெயில் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். சுகர், பிரஷர் எழுதுகிற நோட்டையும் மறக்க வேண்டாம்.